சாவி மாட்டிய நேரம்

மகளைச் சட்டக் கல்லூரியில் சேர்த்த நாளிலிருந்து சாலமோனுக்கு ஒரே ஆசைதான். அவள் கோர்ட்டில் எழுந்து நின்று ஒரு சத்தம் போட வேண்டும். அந்தச் சத்தத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டும், பொய் சாட்சி கூண்டைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும், ஜட்ஜ் மேசையைத் தட்ட வேண்டும். இதையெல்லாம் பின்வரிசையில் உட்கார்ந்து தான் பார்க்க வேண்டும். ஜட்ஜ் மேசையைத் தட்டும் வழக்கமே நம் ஊரில் கிடையாது என்று ஜெபா எத்தனையோ முறை சொல்லிவிட்டாள். “நீ எழுந்து நின்னா தட்டுவாரு” என்பது அவருடைய பதில்.

சாலமோன் தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையில், பெயிண்ட் டின் செய்யும் ஒரு தொழிற்சாலையில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவர். அவருடைய அப்பா அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டியவர். அந்தக் குடும்பத்தில் இதுவரை கோர்ட்டுக்குப் போனவர்கள் என்றால் போலீஸ்காரர் கூட்டிக்கொண்டு போனவர்கள்தான். அதனால் ஜெபா முதன்முதலாகக் கருப்புக் கோட்டு மாட்டிய அன்று மனுஷனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஷிப்ட் பஸ்ஸில் ஏறினவனுக்கும் மைசூர்பாகு, இறங்கினவனுக்கும் மைசூர்பாகு.

ஜெபா திருவள்ளூரில் குணசுந்தரி மேடம் என்கிற சீனியரிடம் ஜூனியராகச் சேர்ந்தாள். வாரம் முழுக்க அங்கேயே லேடீஸ் ஹாஸ்டல், சனிக்கிழமை சாயந்திரம் கும்மிடிப்பூண்டி வீடு. ஒரு சனிக்கிழமை பேச்சுவாக்கில், “வர்ற பொதன்கிழமை ஒரு கேஸ்ல நான்தான் எழுந்து நிக்கப்போறேன் நைனா” என்று சொல்லிவிட்டாள். சொல்லியிருக்கக் கூடாது.

புதன்கிழமை காலையில் சாலமோன் லீவு போட்டுவிட்டு, கூட வேலை செய்யும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு, சென்ட்ரலில் ரயில் மாறி திருவள்ளூர் போய் இறங்கினார். மனைவி ரோசம்மாள் ஒரு தூக்கு நிறையப் புளிசோறு கட்டிக் கொடுத்திருந்தாள். கோர்ட் ஹாலில் ஐந்து பேரும் ஒரே பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஜெபாவின் கேஸைக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்தாள். சாலமோன் பக்கத்தில் இருந்த சின்னதுரையின் தொடையைக் கிள்ளினார்.

“யுவர் ஆனர், பதிலுரை தாக்கல் செய்ய அவகாசம் வேண்டும்” என்றாள் ஜெபா, பால்காரரிடம் நாளைக்கு அரை லிட்டர் போதும் என்று சொல்லும் குரலில்.

“பதினெட்டாம் தேதி” என்றார் ஜட்ஜ். ஜெபா தலையைத் தாழ்த்தி வணங்கிவிட்டு உட்கார்ந்தாள். அடுத்த கேஸைக் கூப்பிட்டார்கள்.

“அவ்ளோதானா ண்ணா?” என்று கேட்டான் சின்னதுரை. வெளியே வேப்பமரத்தடியில் ஐந்து பேரும் பேசாமல் புளிசோற்றைத் தின்றுவிட்டு ரயில் ஏறினார்கள்.

அந்த வாரம் வீட்டுக்கு வந்த மகளை அவர் நிறுத்திக் கேட்டார். “அஞ்சு வருஷம் படிச்சே. அதுக்கு மேல ஒரு பரீச்சை எழுதினே. தெனம் போய் இன்னாதான் பண்றே?”

“படிக்கிறேன், எழுதறேன், நகலுக்கு மனு போடறேன், காத்துகினு நிக்கறேன்” என்றாள் ஜெபா. “ஒரு மனை வாங்கறவங்களுக்கு முப்பது வருஷ வில்லங்கம் பாத்து, தாய்ப்பத்திரம் சரியா கீதான்னு பாத்து, எழுதிக் குடுக்கறேன். எழுந்து நிக்கறது கடைசி வேலை நைனா. என் கூடப் படிச்ச நந்தினி பாரிமுனைல ஒரு சொலிசிட்டர் ஆபீஸ்ல கீறா. கோர்ட் படியே மிதிச்சதில்ல. கம்பெனிங்க கையெழுத்து போடற ஒப்பந்தத்தைப் படிச்சு, எந்த வரி பின்னாடி வம்பு பண்ணும்னு சொல்றதுதான் அவ வேலையே.”

“படிச்சு சொல்றதுக்கு இன்னாத்துக்கு வக்கீலு? கண்ணாடி போட்டவன் எவனா இருந்தாலும் போதுமே” என்றார் சாலமோன். ரோசம்மாள் அடுப்படியிலிருந்து சிரித்த சிரிப்பு தெரு வரைக்கும் கேட்டது. மகள் என்னவோ கிளார்க் வேலை பார்க்கிறாள், வெளியே சொல்லத்தான் வெட்கப்படுகிறாள் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். மைசூர்பாகு தின்றவர்கள் விசாரிக்கும்போது பேச்சை மாற்றப் பழகிக்கொண்டார்.

இப்படி இருக்கையில்தான் சின்னதுரைக்குக் கம்பெனியிலிருந்து சார்ஜ் ஷீட் வந்தது.

சின்னதுரையும் அதே தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். சாலமோனைவிடப் பன்னிரண்டு வயது இளையவன். அவனுக்கு வண்டி ஓட்டக் கற்றுக் கொடுத்ததே அவர்தான் என்பதால் அவன்மேல் அவருக்குத் தம்பி பாசம். எண்ணூர் துறைமுகத்துக்குப் போக வேண்டிய ஒரு கன்டெய்னர் அன்று தாமதமாகப் போய்க் கப்பலைத் தவறவிட்டது. பகல் ஒன்று நாற்பதிலிருந்து இரண்டேகால் வரை சின்னதுரை வண்டியிலேயே தூங்கினான், அதனால்தான் சரக்கு ஏற்றுவது தாமதமானது என்று சூப்பர்வைசர் சரவணகுமார் எழுதிக் கொடுத்துவிட்டார். சின்னதுரை சஸ்பெண்ட். விசாரணையில் நிரூபணமானால் வேலை போய்விடும். அந்தப் பேட்டையில் தூங்கினான் என்று பெயர் வாங்கி ஒரு கேட்டைவிட்டு வெளியே போனவனுக்கு இன்னொரு கேட் திறக்காது. சின்னதுரைக்குப் பள்ளிக்கூடம் போகும் பெண் பிள்ளைகள் இரண்டு.

“நீ ஏன்டா கவலப்படறே? நம்ம ஊட்லயே வக்கீல் கீது” என்று அவனை ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்த கையோடு வீட்டுக்கு அழைத்து வந்தார் சாலமோன். உள்ளுக்குள் அவருக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. இந்த ஒரு தடவையாவது மகள் சத்தம் போட்டே ஆக வேண்டும் அல்லவா?

ஜெபா ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சார்ஜ் ஷீட்டை இரண்டு முறை படித்தாள். பிறகு அப்பாவைப் பார்த்து, “நைனா, நீ கொஞ்சம் வெளிய இரு” என்றாள்.

“யாரு, நானா?”

“ஆமா. சித்தப்பா எங்கிட்ட சொல்றது எனக்கு மட்டும்தான். அவரு சரின்னு சொன்னா அப்பால உன்னைக் கூப்பிடறேன்.”

தான் கட்டிய வீட்டில், தான் பெற்ற பெண், தன்னை வாசலுக்கு அனுப்புகிறாள். சாலமோன் வாசலில் கோழிகளுக்கு நடுவே நின்றுகொண்டு பத்து நிமிஷம் முணுமுணுத்தார். ரோசம்மாள் ஒரு தட்டில் இறாலும் அரிவாள்மனையுமாக வந்து பக்கத்தில் உட்கார்ந்து, “டாக்டருங்க கூட அப்டித்தான் வெளிய அனுப்புவாங்க, சும்மா நில்லு” என்றாள்.

உள்ளே கூப்பிட்டபோது சின்னதுரை தலையைத் தொங்கப் போட்டிருந்தான். “ண்ணா, நெஜமாவே கண்ணு அசந்துட்டேன் ண்ணா” என்றான். “மொத நாளு ராவெல்லாம் சின்னவளுக்கு ஜொரம்.”

சாலமோன் அதற்கும் ஆயத்தமாகத்தான் வந்திருந்தார். “அது இன்னா பெரிய விஷயம்? ரெண்டு பேரு ரெடியா கீறாங்க. தொரை முழிச்சினுதான் இருந்தான்னு அடிச்சு சொல்வானுங்க. நீ போய் நின்னு வாங்கு வாங்குன்னு வாங்கிடு ஜெபா.”

“மொதல்ல ஒண்ணு. அந்த விசாரணைக்குள்ள நான் வரவே முடியாது” என்றாள் ஜெபா. “கம்பெனிக்குள்ள நடக்கற விசாரணை அது. கூட வேலை செய்யற ஒருத்தரை வெச்சுக்கலாம்னுதான் உங்க கம்பெனி வேலை விதில, அந்த நிலையாணைல, கீது. வக்கீலுக்கு எடமில்ல. ரெண்டாவது, பொய் சாட்சி சொல்ல வெக்கறதா இருந்தா நான் இந்த நோட்டை இப்பவே மூடிடுவேன்.”

“அப்பன் கேட்டாகூடவா?”

“அப்பன் கேட்டாகூட. பார் கவுன்சில்ல என் பேரையே எடுத்துடுவாங்க. அது கெடக்கட்டும், உன் ஆளுங்க ரெண்டு பேரையும் தனித்தனியா கூப்பிட்டு, தொரை எந்தப் பக்கம் திரும்பி உக்காந்திருந்தாருன்னு கேட்டா? ஒருத்தன் கெழக்கும்பான், ஒருத்தன் மேற்கும்பான். அதோட சித்தப்பா வேலை காலி.”

சாலமோனுக்குக் கோபம் கோபமாக வந்தது. ஒரு சத்தமும் போட மாட்டாள், கூடவும் வர மாட்டாள், சாட்சியும் வேண்டாம் என்கிறாள். இதற்கா ஐந்து வருஷம் படித்தாள்?

ஜெபா அவருடைய கோபத்தைச் சட்டை செய்யவில்லை. பேனாவைத் திறந்தாள். “நைனா, ஒரு லாரி உள்ள வந்தா நீங்க இன்னா பண்ணுவீங்க? மொதல்லருந்து சொல்லு.”

“இன்னா பண்ணுவோம்? சரக்கு ஏத்துவோம்.”

“அதுக்கு முன்னாடி?”

“லாரி பின்னாடி வந்து, சரக்கு ஏத்தற மேடை கீதே, அந்த டாக்ல ஒட்டி நிக்கும்.”

“நின்னவொடனே ஏத்திடுவீங்களா?”

“சின்னப் புள்ளையாட்டம் கேக்கறியே! சக்கரத்துக்குக் கட்டை வெக்கணும். டிரைவர் எறங்கி வந்து வண்டி சாவியைப் பலகைல மாட்டணும். அப்பால கதவைத் தொறந்து…”

“சாவியை எதுக்கு மாட்டணும்?”

சாலமோனுக்குப் பொறுமை போய்விட்டது. “நாங்க உள்ள ஏறினு இருக்கறப்ப டிரைவர் வண்டியை நகத்திட்டான்னா? ஃபோர்க்லிஃப்டோட கீழ வுழுந்து சாவ வேண்டியதுதான். சாவி பலகைக்கு வராம எவனும் லாரிக்குள்ள ஏற மாட்டான். இதுகூடவா தெரியாது?”

“எனக்கு எப்படி நைனா தெரியும்? நான் ஃபோர்க்லிஃப்டா ஓட்டறேன்?” என்றாள் ஜெபா. பேனா நின்றது. “சரி, அன்னிக்கு சாவி எப்ப வந்துச்சு?”

சின்னதுரை மெதுவாகத் தலையைத் தூக்கினான். “அந்த டிரைவரு வடநாட்டுப் பையன். சாவியைப் பாக்கெட்ல போட்டுகினு எதுத்த கடைக்கு சாப்பிடப் போய்ட்டான். அவன் வரட்டும்னுதான் நான் உக்காந்துகினு இருந்தேன். அவன் வந்து சாவியை மாட்டறப்பதான் சூப்பர்வைசர் என்னை எழுப்பினாரு.”

“மாட்டின நேரத்தை யாராவது எழுதுவாங்களா?”

“சாவி ரிஜிஸ்டர்ல சூப்பர்வைசரே எழுதிக் கையெழுத்து போடுவாரு” என்றார் சாலமோன். சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்டார். பதினோரு வருஷமாக ஒரு நாளைக்கு இருபது தடவை அந்தப் பலகையைப் பார்க்கிறார். அதைப் போய் ஒரு விஷயமாகச் சொல்ல வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, சின்னதுரைக்கும் தோன்றவில்லை. மூச்சு விடுவதை யாராவது சொல்லிக்கொண்டிருப்பார்களா? எதுவும் தெரியாதவள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டதில்தான் அது வெளியே வந்தது.

“ரோசா! ஏய் ரோசா! சாவி கெடச்சிடுச்சு!” என்று அவர் போட்ட கூச்சலில் ரோசம்மாள் வீட்டுச் சாவி தொலைந்துபோயிருந்ததாக நினைத்துக்கொண்டு இடுப்பைத் தடவிப் பார்த்தாள்.

அதற்கப்புறம் வேலை ஓடியது. சாலமோன் நினைத்த வேகத்தில் அல்ல. அந்தத் தேதியின் சாவி ரிஜிஸ்டரை விசாரணையில் வைக்க வேண்டும் என்று கம்பெனிக்குச் சின்னதுரை பெயரில் ஒரு கடிதம். ஆறே வரிதான். அதை ஜெபா மூன்று முறை அடித்து அடித்து எழுதினாள். “ஆறு வரிக்கு ஒன்றரை மணி நேரமா?” என்று பல்லைக் கடித்தார் சாலமோன். கொடுத்துவிட்டு நகலில் சீல் வாங்கி வரச் சொன்னாள். “சீல் இல்லைன்னா, கேக்கவே இல்லைன்னு சொல்லிடுவாங்க நைனா.” மறுநாள் அவர் பூமிகா என்கிற எச்.ஆர். அதிகாரியின் அறை வாசலில் முக்கால் மணி நேரம் நின்று சீல் வாங்கினார். நின்றபோது, மகள் தினமும் இப்படித்தான் எங்கேயாவது நிற்கிறாள் போலும் என்று தோன்றியது. அந்த நினைப்பு அவரை என்னவோ செய்தது.

விசாரணையில் சின்னதுரைக்குத் துணையாக உட்காரப் போகிறவர் சாலமோன்தான் என்று முடிவானது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஒத்திகை. ஜெபா சூப்பர்வைசர். ரோசம்மாள் விசாரணை அதிகாரி, கையில் முருங்கைக்கீரை.

சாலமோன் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். விரலை நீட்டினார். “சரவணகுமார் அவர்களே! உங்கள் மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள்!”

“மனசாட்சி ரிஜிஸ்டர்ல ஏறலையே நைனா” என்றாள் ஜெபா.

“உக்காரு. அடுத்த ஆளைக் கூப்புடு” என்றாள் விசாரணை அதிகாரி, கீரையை உருவிக்கொண்டே.

அவருக்கு நாலே நாலு கேள்விகளை ஜெபா எழுதிக் கொடுத்தாள். நாலுக்கும் சூப்பர்வைசர் ஆமாம் என்றுதான் சொல்ல முடியும், அல்லது எழுதியிருப்பதைத்தான் படிக்க முடியும். சாலமோன் கேட்டுக்கொண்டே வந்தார். நாலாவதற்கு ஜெபா, “ரெண்டேகால்” என்றாள். உடனே அவருக்கு வீரம் வந்துவிட்டது. எழுதிக் கொடுக்காத ஐந்தாவது கேள்வி ஒன்றைப் போட்டார். “சாவியே வரலையே, அதுவரைக்கும் இவன் முழிச்சினு இருந்து இன்னாய்யா கிழிச்சிருக்கணும்?”

ஜெபா சூப்பர்வைசர் மாதிரியே கையைக் கட்டிக்கொண்டாள். “முழிச்சினு இருந்தா, டிரைவரைக் காணோம்னு எனக்கு ஒரு போன் பண்ணியிருப்பான். நான் ஆள் அனுப்பி டிரைவரை இழுத்துகினு வந்திருப்பேன். கப்பலும் தவறியிருக்காது.”

சாலமோன் தோளில் இருந்த துண்டை எடுத்து மடித்தார். சின்னதுரையின் முகம் வெளுத்துவிட்டது.

“நாலாவதோட உக்காந்துடு” என்றாள் ஜெபா மெதுவாக. “அந்த அஞ்சாவது கேள்வி உனக்குக் கைதட்டல் வாங்கித் தரும். சித்தப்பாவுக்கு வேலை போயிடும்.”

அன்று சாலமோன் ராத்திரிச் சோறுகூடச் சரியாகத் தின்னவில்லை. இன்னொன்றும் அவரை அரித்தது. “விசாரிக்க வர்றவரே கம்பெனி கூட்டினு வர்ற வக்கீல்தானே? அவரு கம்பெனி பக்கம்தானே எழுதுவாரு?”

“எழுதலாம். ஆனா அவரு எழுதறது நாளைக்கு லேபர் கோர்ட்டுக்குப் போனா, இன்னொரு ஜட்ஜ் ஒவ்வொரு வரியா படிப்பாரு. அது அவருக்கும் தெரியும். அதனால நாம நல்லா எழுத வெக்கணும். காகிதத்துல இல்லாதது நடக்காத மாதிரிதான் நைனா.”

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு, தொழிற்சாலையின் டிரெய்னிங் ரூமில் விசாரணை. துளசிராமன் என்கிற அந்த விசாரணை அதிகாரி நரைத்த தலையும் தொங்கிய மூக்குக் கண்ணாடியுமாக இருந்தார். பக்கத்தில் ஒருவர் டைப் அடித்துக்கொண்டிருந்தார். எதிரே பூமிகா, அவருக்குப் பக்கத்தில் சரவணகுமார், மேசையில் அந்த நீல அட்டை ரிஜிஸ்டர். நாலு கேள்வி எழுதிய துண்டுக் காகிதத்தைச் சாலமோன் தன் முன்னால் விரித்து வைத்துக்கொண்டார்.

சரவணகுமார் தன் பக்கத்தைச் சொல்லி முடித்தார். “நீங்கள் கேட்கலாம்” என்றார் துளசிராமன்.

சாலமோன் எழுந்தார். உட்கார்ந்தே கேட்கலாம் என்றார்கள். உட்கார்ந்தார்.

“சாவி பலகைல மாட்டாம ஃபோர்க்லிஃப்ட் லாரிக்குள்ள ஏறக் கூடாதுன்னு கம்பெனி ரூல் இருக்குதுங்களா?”

“இருக்கு.”

“மாட்டின நேரத்தை நீங்கதான் எழுதிக் கையெழுத்து போடுவீங்களா?”

“ஆமா.”

ரிஜிஸ்டரைத் திறந்து பக்கத்தை நகர்த்தினார். “இது உங்க கையெழுத்துங்களா?”

சரவணகுமார் பக்கத்தைப் பார்த்தார். “ஆமா.”

“அந்த கன்டெய்னர் லாரிக்கு நேரா இன்னா நேரம் போட்டிருக்குன்னு படிங்க.”

“இரண்டு பதினைந்து.”

டைப் அடிக்கிறவர் அதையும் அடித்தார். துளசிராமன் தலையைத் தூக்கி, சார்ஜ் ஷீட்டில் இருந்த நேரத்தையும் ரிஜிஸ்டரில் இருந்த நேரத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

சாலமோனின் நாக்கு நுனிக்கு ஐந்தாவது கேள்வி வந்துவிட்டது. இதுதான் அந்த இடம். இதற்காகத்தான் அவர் இத்தனை வருஷம் ஆசைப்பட்டார். விரலை நீட்டி ஒரு கத்து கத்தினால் கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே நிற்கிற மொத்த ஷிப்டும் கேட்கும், ஆயுசுக்கும் பேசும். அவர் சரவணகுமாரின் முகத்தைப் பார்த்தார். அந்த மனுஷர் காத்துக்கொண்டிருந்தார். கேள், கேட்டால் சொல்கிறேன் என்று உதடு பிரிந்து ஆயத்தமாக இருந்தது. பக்கத்தில் சின்னதுரை அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“வேற கேள்வி இல்லைங்க சார்” என்றார் சாலமோன்.

“அவ்வளவுதானா?” என்று கேட்டார் துளசிராமன்.

“அவ்ளோதாங்க சார்.”

பூமிகாவுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா என்று கேட்டார்கள். அவர் ரிஜிஸ்டரை ஒரு முறை புரட்டிவிட்டு இல்லை என்றார். கடைசியாகச் சின்னதுரையின் வாக்குமூலம். ஜெபா சொன்னபடி அவன் உள்ளதை உள்ளபடி சொன்னான். “வண்டிலயே கண்ணு அசந்துட்டேன் சார். அது தப்புதான். ஆனா சாவி ரெண்டேகாலுக்குத்தான் வந்துச்சு. ரெண்டு பதினெட்டுக்கு மொத பேலட் சரக்கை லாரிக்குள்ள வெச்சுட்டேன்.” துளசிராமன் கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார். விசாரணைகளில் யாரும் அப்படித் தானாக ஒப்புக்கொண்டு அவர் பார்த்ததில்லை போலும். மெதுவாக, வார்த்தை வார்த்தையாகச் சொல்லி டைப் அடிக்க வைத்தார். ஒவ்வொரு பக்கத்திலும் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். சாலமோன் தன் பெயரைப் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி நிறுத்தி நிறுத்தி எழுதினார்.

வெளியே காத்திருந்தவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். “ண்ணா, உள்ள சத்தமே கேக்கலியே. இன்னா பேசினே?”

“நாலு கேள்வி கேட்டேன்” என்றார் சாலமோன்.

கூட்டத்தின் முகம் தொங்கிவிட்டது. அவருக்கு அது கொஞ்சம்கூட உறைக்கவில்லை. ஒரு வாரமாகப் படித்ததும், ஆறு வரிக்கு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்ததும், சீலுக்கு நின்றதும், கீரை உருவிய விசாரணை அதிகாரியும் அந்த நாலு கேள்விக்குள் இருக்கிறது என்று இவர்களிடம் எப்படிச் சொல்வது? அதைவிட, கேட்காமல் விட்டதுதான் தான் பார்த்ததிலேயே பெரிய வேலை என்று எப்படிப் புரிய வைப்பது? அவருக்குத் திடீரென்று மகளைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. அவளிடம் ஒரு தடவை மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் போலவும் இருந்தது.

இருபத்திரண்டு நாள் கழித்துச் சின்னதுரையைக் கம்பெனிக்கு வரச் சொன்னார்கள். சாலமோன் முதல் ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார். பஸ் கிளம்பும் நேரத்தில் சின்னதுரை கேட்டிலிருந்து ஓடி வந்து ஏறினான். கையில் ஒரு கவர். “ண்ணா, நான் இன்னும் பிரிக்கவே இல்ல. நீயே படி.”

சாலமோன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். முன்னே என்றால் நேராகக் கடைசி வரிக்குப் போயிருப்பார். இப்போது கடிதத்தின் தலையில் இருந்த பார்வை எண்ணிலிருந்து தொடங்கினார். பஸ்ஸே மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டது. டிரைவர் வண்டியை எடுக்கவில்லை. சரக்கு ஏற்றுவதைத் தாமதப்படுத்தியதாகச் சொல்லப்பட்ட குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை. பணியிடத்தில் கண்ணயர்ந்ததற்காக எச்சரிக்கப்படுகிறார். தற்காலிகப் பணிநீக்கம் ரத்து செய்யப்படுகிறது. நாளை காலை முதல் ஷிப்டுக்குப் பணிக்கு வர வேண்டும்.

பஸ்ஸுக்குள் எழுந்த சத்தத்தில் செக்யூரிட்டி வெளியே வந்து பார்த்தார். யாரோ விசில் அடித்தார்கள். யாரோ சின்னதுரையைத் தூக்கினார்கள், மேலே கம்பியில் அவன் தலை இடித்தது. அழுதுகொண்டே சிரித்தான், இடித்ததற்கா மற்றதற்கா என்று தெரியவில்லை. சாலமோனுக்கும் கண் மறைத்தது. துடைத்துக்கொண்டு போனை எடுத்தார்.

“சொல்லு நைனா. கோர்ட் வராண்டால கீறேன்” என்றாள் ஜெபா, தணிந்த குரலில்.

அவர் முதல் வரியிலிருந்து படித்தார். ஒரு சொல் விடவில்லை. ‘நிரூபிக்கப்படவில்லை’ என்ற இடம் வந்தபோது மறுபக்கத்தில் சத்தமில்லை. ‘ரத்து செய்யப்படுகிறது’ என்றபோதும் இல்லை. நாளை முதல் ஷிப்ட் என்று முடித்தார்.

அப்போது ஜெபா போட்டாள் ஒரு கூச்சல். போனைக் காதிலிருந்து எடுத்தும் பஸ்ஸில் நாலு வரிசைக்குக் கேட்டது. பின்னாலேயே, “ஜெபா! உள்ள ஜட்ஜ் இருக்காரு!” என்று குணசுந்தரி மேடம் அதட்டுவதும் கேட்டது. “சாரி மேடம்” என்று சொல்லிவிட்டு ஜெபா மறுபடியும் கத்தினாள். திருவள்ளூர் கோர்ட்டே திரும்பிப் பார்த்திருக்கும். சாலமோன் போனை உயர்த்திப் பிடித்து மொத்த பஸ்ஸுக்கும் காட்டினார். “கேளுங்கடா” என்றார். “என் பொண்ணு!”

கொஞ்ச நேரத்தில் அவள் குரல் பழையபடி ஆகிவிட்டது. “நைனா, அந்த லெட்டரை மடிக்காதே. ஜெராக்ஸ் எடுத்து வை. எச்சரிக்கைக்குப் பதில் எழுதணுமான்னு நான் ஒரு தடவை படிச்சுதான் சொல்ல முடியும்.”

“படிச்சு சொல்லும்மா” என்றார் சாலமோன். “நிதானமாவே படி.”

கும்மிடிப்பூண்டி பஜாரில் பஸ் நின்றதும் அவரும் சின்னதுரையும் இறங்கி, கடிதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஜெராக்ஸ் கடையைத் தேடிப் போனார்கள்.